லூவாவுக்குப் படைத்த கோழிச்சாறு

சைக்கிள் பஞ்சர் ஒட்டும் தியென் எனக்கு ஒரு சேவலின் விலை கடன்பட்டிருந்தான். இரண்டு லட்சத்து இருபதாயிரம் டோங். கேட்கப் பெரிய தொகைபோல இருக்கும். எங்கள் வியட்நாம் பணத்தில் அது கனமான நாட்டுச் சேவல் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காசு என் கைக்கு வந்து சேரும்வரை, செத்துப்போன தன் மனைவிக்கு அவன் படைத்த சாறு அவளுக்குப் போய்ச் சேராது என்று தியென் நம்பினான். அதனால்தான் இது எழுத வேண்டிய கதையாகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூலீ சந்தையில் இந்தக் கோழிக்காரி மூயிடம் கடன் வாங்கியவன் என்று ஒருவனைக் காட்டச் சொன்னால், தியெனைத் தவிர யாரையும் காட்ட முடியாது. தோளில் காவடிபோல இரண்டு மூங்கில் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தவள் நான். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்ததைவிட அதன் வாசலில் உட்கார்ந்து முட்டை விற்றதே அதிகம். ஆனால் என் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் ஒரு கோழியைக் கொடுங்கள். எடை சொல்வேன், வயது சொல்வேன், நேற்று என்ன தின்றது என்பதையும் சொல்வேன். இன்றைக்கு ஹனோய் சாலையில் உள்ள சாப்பாட்டுக் கடைகள் என் தொலைபேசிக்குக் காத்திருக்கின்றன. நீலக் கண்ணாடி போட்ட மூன்று மாடி வீடு, சந்தை முனையில், என் பெயரில் இருக்கிறது. மகள் செக் நாட்டில் நக அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். மகன் ஹனோயில் கார் ஓட்டுகிறான், சொந்தக் கார். மேல்மாடிக்கு நான் ஏறி வெகுகாலம் ஆகிறது. ஏறிப் போய் யாரைப் பார்க்க?

சரி, தியெனுக்கு வருகிறேன்.

பழைய தபால் நிலையத்துக்கு எதிரே, வேப்பமரம் போன்ற ஒரு மரத்தடியில் அவன் உட்கார்ந்திருப்பான். ஒரு காற்றடிக்கும் பம்பு, தண்ணீர் நிரப்பிய அலுமினியச் சட்டி, பசை, ரப்பர் துண்டுகள். ஊரே மோட்டார் சைக்கிளுக்கு மாறிய பிறகும் அவன் சைக்கிளை விடவில்லை. பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் மனைவி லூவா பேசினாள்.

லூவா என் கடைக்கு வருகிறாள் என்றால் என் சேவல்களுக்கே தெரிந்துவிடும். மாமியாரின் திதி, வருஷப் பிறப்பு, முழுநிலவு நாள் என்று எதற்கு வந்தாலும் அவள் முதல் வேலை, சேவலின் நெஞ்சு இறகை ஊதி விலக்கித் தோலின் நிறத்தைப் பார்ப்பதுதான்.

"என்னக்கா, மஞ்சள் பூசி வச்சிருக்கீங்களா?"

"பூசுனா உன் மூஞ்சிக்குப் பூசியிருப்பேன், போடி."

"அப்ப விலையைக் கொறைங்க. என் மூஞ்சிக்கு எதுக்கு இவ்வளவு காசு?"

என்னிடம் விலை குறைத்து வாங்கிய ஒரே பெண் அவள். குறைத்த பிறகு ஒரு கட்டு எலுமிச்சை இலையையும் இனாமாக எடுத்துக்கொண்டு போவாள். போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் ஈரல் கெட்டு இறந்தாள். மருத்துவமனைச் செலவுக்கு விற்றது போக அந்த வீட்டில் மிஞ்சியது பம்பும், செத்தவர்களின் படம் வைத்துப் படைக்கும் பீடமும்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் வருஷத் திதி நெருங்கியபோது தியென் என் கடை முன்னால் வந்து நின்றான். கூண்டுகளைப் பார்த்தான். எந்தச் சேவலையும் தொடவில்லை, ஊதிப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை.

"என்னப்பா, கோழி பார்க்க வந்தியா, கோழி உன்னைப் பார்க்க வந்துச்சா?" என்றேன்.

"லூவா எதை எடுத்திருப்பாக்கா?"

நான் ஒரு சேவலை எடுத்துக் கொடுத்தேன். நல்ல சேவல், பொய் சொல்ல மாட்டேன். கொண்டை சிவந்து, கால் மெலிந்து, நெஞ்சு திரண்டது. அவன் அதை இரண்டு கையாலும் குழந்தையைப் போல வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சொன்னான்.

"காசு இப்ப இல்லக்கா. ஹியூ திதிக்கு வர்றான். வந்ததும் குடுத்துடறேன்."

ஹியூ அவன் ஒரே மகன். தெற்கே, சைகோனுக்குப் பக்கத்தில் செருப்புத் தொழிற்சாலையில் இருக்கிறான்.

பக்கத்துக் கடையில் சோயாக்கட்டி விற்கும் தோவா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "மூய் அக்கா கடன் குடுக்குறாங்களா? அப்ப எனக்கும் ஒரு சேவல் குடுங்க. வீட்டுக்குப் போயி என் புருஷனைச் சாகடிச்சுட்டு வர்றேன்."

"உன் புருஷனுக்குச் சேவல் எதுக்குடி? குஞ்சே அதிகம்" என்றேன். சந்தையே சிரித்தது. தியென் சிரிக்கவில்லை. சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து போனான். கொடுத்தது கொடுத்ததுதான். விலை பேசத் தெரியாத ஒருவனிடம் எப்படி இல்லை என்று சொல்வது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த வேலையை நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

திதியன்று காலை, சந்தைக் கூட்டம் குறையும் நேரத்தில், அவன் மறுபடி வந்து நின்றான். கையெல்லாம் கரி. தூறலில் நனைந்த சட்டை.

"அக்கா, இன்னொரு சேவல் வேணும்."

"ஏன், அது பறந்துடுச்சா?"

"சாறு கலங்கிடுச்சு."

அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால் வீடு எரிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். படையலில் சேவல் முழுதாக நிற்க வேண்டும், அது வெந்த தண்ணீர் தெளிந்த சாறாகக் கிண்ணத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். உச்சிப்பொழுதுக்குள் ஊதுபத்தி கொளுத்த வேண்டும். லூவா வைத்த சாற்றில் கிண்ணத்தின் அடியில் உள்ள நீலப் பூ தெரியும். அதை நானே பார்த்திருக்கிறேன், அவள் மாமியார் திதிக்குப் போனபோது.

"ரெண்டாவது சேவலைக் கடனுக்குக் குடுக்க எனக்குப் பைத்தியமா?" என்று சொல்லிவிட்டு, நாலு முட்டையை மடியில் கட்டிக்கொண்டு, கடையைத் தோவாவிடம் விட்டுவிட்டு நான் அவனோடு நடந்தேன்.

அவன் வீடு ஆற்றோரச் சந்தில் ஒற்றை அறை. அறைக்கு வெளியே கூரைச் சாய்ப்பில் துளை போட்ட கரிக்கட்டி எரியும் அடுப்பு. அதன் மேல் பானை. மூடியைத் திறந்தேன். அரிசி கழுவிய தண்ணீர்போல இருந்தது. மேலே பழுப்பு நுரை சிதறிக் கரைந்து கிடந்தது. சேவல் தட்டில் இருந்தது. தொடையிலும் நெஞ்சிலும் தோல் வெடித்திருந்தது.

"எப்படிப்பா வச்ச?"

"லூவா வைக்கிற மாதிரிதான். கழுவி, இஞ்சி தட்டிப் போட்டு, மூடி போட்டு, நல்லாக் கொதிக்க விட்டேன்."

"நுரை எடுத்தியா?"

"எப்படி எடுக்கறது? மூடியைத் தொறக்கக் கூடாதே."

"யார் சொன்னா?"

"லூவாதான். படையல் பானையை நடுவுல தொறந்தா, அந்த வாசனை முதல்ல நம்ம மூக்குக்குப் போயிடும், அப்புறம் செத்தவங்களுக்கு எச்சில்தான்னு சொல்வா. ருசி பார்க்கக் கூடாது, முகரவும் கூடாது. கல்யாணம் ஆன நாள்லருந்து சொல்வா. திதின்னா என்னைக் காலையிலேயே மரத்தடிக்கு அனுப்பிடுவா."

படையலை ருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் முகரக் கூடாது, மூடி திறக்கக் கூடாது என்று நான் கேட்டதே இல்லை. அங்கேயே அடுப்பங்கரை முக்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

"அட மடையா! அவ உன்னை அடுப்படிக்கு வர விடாம இருக்கச் சொன்னதுப்பா அது. நீ வந்து ஈரலைத் தின்னுருப்ப, கால்களைத் தின்னுருப்ப. உன்னை அனுப்பிட்டு, அவ பானையைத் தொறந்து வச்சுக்கிட்டு, நுரையா எடுத்துக்கிட்டு உக்காந்திருப்பா. மூடி போட்டுக் கொதிக்க வச்சா எந்தச் சாறு தெளியும்?"

அவன் பானையைப் பார்த்தான். பீடத்தில் இருந்த லூவாவின் படத்தைப் பார்த்தான்.

"ஈரலைத் தின்னது ஒரு தடவைதான்" என்றான் மெதுவாக. "அதுவும் கல்யாணமான புதுசுல."

அந்த ஒரு தடவைக்காக அவள் ஆயுசு முழுக்க மூடியைப் போட்டுவிட்டாள். எனக்கு அவளை அப்போது பார்க்க வேண்டும்போல இருந்தது. விலை பேசியாவது.

முக்காலியை விட்டு எழுந்து வேலையைத் தொடங்கினேன். நான் செய்வது எப்போதும் சுத்தமாக இருக்கும், யாரையும் கேளுங்கள். பானையைத் தொட்டித் தண்ணீரில் இறக்கிவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிச் சாற்றை ஆற வைத்தேன். மேலே படிந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்தேன். முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் பிரித்து, ஓட்டையும் நொறுக்கிப் போட்டு, நுரைக்க அடித்தேன்.

"முட்டைக்கும் கணக்கு வச்சுக்குங்கக்கா."

"வாயை மூடு. திதிக்கு வர்றவ வெறுங்கையோட வருவாளா? கரியடுப்போட கீழ்வாயைப் பாதி அடை."

வெள்ளைக்கருவை ஆறிய சாற்றில் ஊற்றிக் கலந்து, சிறு தீயில் வைத்தேன். சூடு ஏற ஏற, கரு மேலே திரண்டு வந்தது. கலங்கலையெல்லாம் இழுத்துக்கொண்டு, அழுக்குப் பிடித்த துணிபோல மேலே மிதந்தது. அதற்குப் பிறகு கலக்கவே கூடாது. ஓரத்தில் ஒரு துளை போட்டு, சாறு அதன் வழியாக மெல்ல மூச்சுவிடும்படி விட்டேன். தியென் பக்கத்தில் குந்தியிருந்தான். பானை மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான், கீழே வைக்காமல்.

"தொறந்தே கெடக்கட்டும்ப்பா" என்றேன்.

"வாசனை வருதுக்கா."

"வரட்டும்."

"அவ இருக்கும்போது இந்த வாசனை எனக்குச் சாயங்காலம்தான் வரும். அதுவும் ஆறிப்போய்."

இறுத்து எடுக்க மெல்லிய துணி கேட்டேன். பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியை நீட்டினான். வாங்கிப் பார்த்தால், துக்கத்துக்குத் தலையில் கட்டிய துணி.

"அதை உள்ள வைப்பா! வேற இல்லியா?"

"இது ஒண்ணுதான் சுத்தமா இருக்கு."

என் கழுத்தில் மகள் அனுப்பிய துணி இருந்தது. செக் நாட்டுத் துணி. சந்தையில் எல்லாரும் பார்க்கட்டும் என்று கட்டிக்கொள்வேன். அப்படி மெல்லிய துணி பூலீயில் கிடைக்காது. அதை அவிழ்த்து, வெந்நீரில் அலசி, அதில் இறுத்தேன். சாறு விளக்கெண்ணெய் நிறத்தில், சொட்டுச் சொட்டாக இறங்கியது. கிண்ணத்தில் ஊற்றினேன். அடியில் இருந்த நீலப் பூ, இதழ் இதழாகத் தெரிந்தது. இதை நான் சொந்தக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எந்தச் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரனும் கலங்கிய சாற்றை அப்படித் தெளிய வைக்க மாட்டான்.

அடுத்தது சேவல். வெடித்த பக்கத்தை என்ன செய்வது?

"கிழிஞ்ச பக்கத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வைப்பா. யாருக்கும் தெரியாது" என்றேன்.

"அக்கா, அவ அந்தப் பக்கம்தானே உக்காந்திருக்கா!"

படம் சுவரோரம் இருந்தது. இரண்டு பேரும் படத்தைப் பார்த்தோம். அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், விலை குறைக்கிற அதே முகத்தோடு. கடைசியில் எலுமிச்சை இலைகளை வெடிப்பின் மேல் ஒட்டி, அலகில் ஒரு ரோஜாவைச் செருகி, கிழிந்த பக்கத்தை எங்கள் பக்கமே வைத்தோம்.

அப்போது அவன் தொலைபேசி அடித்தது. ஹியூ. தொழிற்சாலையில் அவசர ஆர்டராம், விடுப்புக் கிடைக்கவில்லையாம், அடுத்த மாதம் பணம் அனுப்புகிறானாம். தியென், "சரிடா, சாப்பிட்டியா? சரிடா" என்று மட்டும் சொன்னான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லூவாவின் தம்பி வாழைப்பழம் கொடுத்தனுப்பியிருந்தான், மழையால் வர முடியவில்லை என்று. பாய் விரித்து, கிண்ணங்களை வட்டமாக வைத்திருந்தான் தியென். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினான்.

ஊதுபத்தியைக் கையில் எடுத்தவன் கொளுத்தாமல் நின்றான்.

"என்னப்பா? நேரம் போகுது."

"சேவல் இன்னும் உங்களுதுதானேக்கா. நான் காசு குடுக்கலையே. இதை வச்சா அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

"காசு வேணாம்ப்பா. விடு. லூவாவுக்கு நான் குடுத்ததா இருக்கட்டும்."

"அப்படின்னா அவ உங்ககிட்ட வாங்கித் தின்ன மாதிரி ஆயிடும். உங்ககிட்ட அவ எதையாவது சும்மா வாங்கியிருக்காளா?"

எலுமிச்சை இலையைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

"கொளுத்து" என்றேன். "சாறு ஆறுறதுக்குள்ள கொளுத்து. வாசல்ல காத்திருக்கட்டும். காசு வந்ததும் உள்ள வந்து சாப்பிடுவா. அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். என் கடையில எத்தனை நாழி நின்னிருக்கா."

அது அவனுக்குச் சரியாகப் பட்டது. கொளுத்தினான். உதடு அசைந்தது, என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. பத்தி எரிந்து முடியும்வரை இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். என் கணவர் திதிக்கு நான் விருந்து சமைக்கிறவர்களிடம் சொல்லிப் பத்துப் பந்திக்கு மேல் போடுவேன். சந்தை முழுக்க வந்து சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, என் வீட்டு மாடிப்படியின் பளபளப்பைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அவருக்கு என்ன சாறு பிடித்தது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

பத்தி அணைந்ததும் படையலை இறக்கினோம். எதிரெதிரே உட்கார்ந்து முதல் வாய் குடித்தோம். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான்.

"உப்பு?" என்றேன்.

"நீங்க போடலியா?"

"அது உன் பானைப்பா!"

"நான் கடைசியில போடலாம்னு இருந்தேன். அப்புறம் நீங்க வந்துட்டீங்க."

யாரும் ருசி பார்க்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடிபோலத் தெளிந்த வெறும் தண்ணீர். அவன் முகம் சுருங்கியது. "திட்டுவா" என்றான்.

"பீடத்துல உப்பு, மிளகு, எலுமிச்சைத் தட்டு வச்சோமில்ல? எடுத்துக் கலந்திருப்பா. அவளுக்கென்ன கையில்லையா?"

அவன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். உப்புப் போட்டுக்கொள்ளாமலே தன் கிண்ணத்தைக் குடித்து முடித்தான்.

அதற்குப் பிறகு அவன் என் கடைக்கு வர ஆரம்பித்தான். காலையில் கருவிப்பெட்டியோடு மரத்தடிக்குப் போகும் வழியில், கவிழ்த்துவைத்த கூண்டின் மேல் உட்கார்ந்து கணக்குச் சொல்வான்.

"நேத்து ஒரு பஞ்சர்தான்க்கா. இன்னும் சேரல."

"நான் கேட்டேனா?"

"ஹியூ அனுப்பினது வாடகைக்குப் போயிடுச்சு."

"நான் கேட்டேனாப்பா?"

கேட்கவில்லை. ஆனால் அவன் வரத் தாமதமானால் சாலையைப் பார்ப்பேன். கோழிக் கழுத்தும் முதுகெலும்பும் காசு கொடுத்து வாங்கிப் போய், மூடி திறந்து சாறு வைத்துப் பழகுவதாகச் சொன்னான். நுரை எப்படி முதலில் சாம்பல் நிறமாகவும் பிறகு வெள்ளையாகவும் வருகிறது என்று, ஊரில் யாரும் பார்க்காததைத் தான் பார்த்துவிட்டதுபோலச் சொல்வான். ருசி பார்க்கிறாயா என்று கேட்டால், "கை வர மாட்டேங்குதுக்கா" என்பான். நான் கழுத்தெலும்புக்கு விலை சொன்னால் அவன் அதிகம் என்று சொல்லத் தொடங்கியிருந்தான். லூவா அளவுக்கு வராது. ஆனாலும் பேரம்தான்.

தோவா ஒருநாள் கேட்டாள். "அவன் கடனைக் குடுத்துட்டா உங்களுக்குப் பொழுது எப்படிக்கா போகும்?"

"எனக்கு மூணு மாடி இருக்குடி, பெருக்கவே நேரம் போதாது" என்றேன்.

வேனில் தொடங்கியபோது ஒரு காலையில் தியென் கருவிப்பெட்டி இல்லாமல் வந்தான். வெளுத்த சட்டை போட்டிருந்தான். கூண்டின் மேல் உட்காரவில்லை.

"ஹியூ டிக்கெட் அனுப்பியிருக்கான்க்கா. அங்கேயே வந்துடச் சொல்றான். அவன் அறையில பீடம் வைக்க இடம் இருக்காம். லூவா படத்தையும் பத்திக் கிண்ணத்தையும் துணியில கட்டிட்டேன்."

"எப்ப?"

"மத்தியான ரயில்."

"பெட்டி எங்க?"

"பம்பையும் பெட்டியையும் வித்துட்டேன். மீன் சந்தைக்காரப் பையன் எடுத்துக்கிட்டான்." சட்டைப்பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட பணத்தை எடுத்தான்.

நான் ஒரு கோழியைத் தூக்கி எடை பார்ப்பதுபோல வைத்துக்கொண்டேன். "இப்ப எதுக்குப்பா? ரயிலுக்குப் போறவனுக்குக் கையில காசு வேணும். அங்க போய்ச் சேர்ந்து, சம்பாதிச்சு, மெதுவா அனுப்பு."

"நீங்களாக்கா சொல்றீங்க?" என்று தோவா பக்கத்திலிருந்து கேட்டாள். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லக்கா," என்றான் தியென். "அவ ரொம்ப நாளா வாசல்ல நிக்கிறா. ஊரை விட்டுப் போறதுக்குள்ள உள்ள வந்து சாப்பிட்டுடட்டும். கையை நீட்டுங்க."

கோழியைக் கூண்டில் விட்டேன். கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"ரயிலுக்கு நேரமாகுதுக்கா."

நீட்டினேன். அவன் ரப்பர் வளையத்தைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். பசை ஒட்டிய விரலால் எச்சில் தொட்டு, சுருங்கிய தாள்களை நீவி நீவி, ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்து வாய்விட்டு எண்ணினான். கடைசி இருபதாயிரத்தை வைத்து, தாள்கள் காற்றில் பறக்காமல் இருக்க, அதன் மேல் தன் விரலை ஒரு நொடி அழுத்தி எடுத்தான்.